ஒடெஸாவின் எட்டு சால்டரிங்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. நான் படித்த பள்ளியின் கலை, அறிவியல், தொழில்நுட்பச் சிறப்புப் பிரிவுக்கு முப்பது வயதாகிறதாம். விழா மலருக்கு 'மறக்க முடியாத நாள்' எழுதித் தரச் சொன்னார்கள்.

முதல் தொடக்கம்: "மில்வாக்கியில் பனி கொட்டிய ஒரு காலையில் மஞ்சள் பேருந்து..."

(வேண்டாம். இந்த அமெரிக்க ஊரில் எல்லோர் கதையும் பனியில்தான் தொடங்கும்.)

இரண்டாவது: "எங்கள் தாழ்வாரத்தில் ஒரு பக்கம் ஈரக் களிமண் வாசனை, மறுபக்கம் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் புகை, நடுவே யாரோ செல்லோ வாத்தியத்தை..."

(இது உண்மை. அந்த வாசனைக்கு இன்றும் ஏங்குகிறேன். ஆனால் இதை எழுதினால் விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன்.)

2

விஷயம், ஒடெஸா ப்ரூவிட். அவள் நடனப் பிரிவு. நான், மார்லிஸ், கணினிப் பிரிவு. எங்கள் பள்ளியில் செவ்வாய்க்கிழமை யாரும் சொந்த வேலையைச் செய்யக் கூடாது. வேறு பிரிவிலிருக்கும் தன் ஜோடியின் வேலையைத்தான் செய்யவேண்டும். நான் அவளுடைய அடவுகளை மிதித்து நாசமாக்குவேன். அவள் சால்டரிங் கோலைப் பிடிப்பாள்.

"ஏய் மார்லிஸ், இங்க பாருடி! ஈயம் எப்படிச் சொட்டா நிக்குது! நான் ஆடவே வேணாம் போலிருக்கே."

"காலேஜ்ல இதையே படியேன்."

"படிக்கத்தான் போறேன். எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன். மயங்கி விழாத குறை."

(அவள் இவ்வளவு பேசினாளா? இதைவிட அதிகம் பேசினாள். நான்தான் குறைத்திருக்கிறேன்.)

3

1997 பிப்ரவரி, சனிக்கிழமை மதியம், உடற்பயிற்சிக் கூடத்தில் காட்சி. தரையில் வெளிச்சத்தை அளக்கும் எட்டு ஒளிக்கண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. அவள் நிழல் விழும் இடத்து விளக்கு எரியவேண்டும். எட்டையும் சால்டர் செய்தவள் அவள். அவற்றை இயக்கும் கணினி நிரல் என்னுடையது.

அவள் ஆடினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை. எரியாத விளக்குகளுக்கு நடுவே கடைசிவரை ஆடி முடித்தாள். கைதட்டல் மரியாதைக்கு வந்தது.

"யார் வேலை சொதப்புச்சு?" என்றார் எங்கள் ஆசிரியர் வோய்சிக் சார். திட்டுவதற்காக அல்ல, நாங்கள் கற்பதற்காகக் கேட்பார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒடெஸா கையைத் தூக்கினாள். "என் சால்டரிங்தான் சார். ஒழுங்கா ஒட்டலை போல."

4

திங்கட்கிழமை தனியாகச் சோதித்தேன். எட்டும் கச்சிதமாக ஒட்டியிருந்தன. மேகம் மூடிய நாளில் அளவெடுத்து, 'இதற்குக் கீழே போனால் இருட்டு' என்று நிரலில் நாற்பதை எழுதி வைத்திருந்தேன். காட்சியன்று வெயில். வெளியே கிடந்த பனியின் வெளிச்சம் உயரச் சன்னல்கள் வழியே கொட்டியதில், அவள் நிழலே நாற்பதுக்கு மேல் இருந்திருக்கிறது. அதே வெயிலில் நாற்பதைத் தொண்ணூறாக்கினேன். என் நிழல் பட்ட ஒவ்வொரு விளக்கும் எரிந்தது.

நான் அதைச் சொல்ல

சொல்வதற்கு அன்றே

(இந்த வாக்கியங்கள் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

கணினியில் நான்தான் முதல் மாணவி. அந்தப் பெயருக்காக வாயை மூடிக்கொண்டேன். இதைவிட நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அடுத்த செவ்வாய் அவள் சாரிடம் ஜோடி வேலையிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கினாள். பிறகு சால்டரிங் கோலைத் தொடவே இல்லை.

5

முடிவுகள்:

அ) அன்றே சொல்லிவிடுகிறேன். அவள் நடனக் காலணியால் என்னை நாலு சாத்து சாத்திவிட்டுச் சிரிக்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பக் கூடாது.)

ஆ) மலரில் எழுதுகிறேன். அவள் ஊரோடு சேர்ந்து படிக்கிறாள். (கோழைத்தனம்.)

இ) போன வாரம் அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இது நான் கற்பனை செய்ததல்ல. "என் பொண்ணு நம்ம ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பிரிவு கேக்கறா. நல்ல வேளை, உன்னை மாதிரி இருக்கா. எனக்குத்தான் அந்தக் கை இல்லையே."

அதைப் படித்ததும் அழுதேன். பிறகு போன் செய்தேன்.

"ஒடெஸா, அந்த விளக்கு..."

"ஐயோ, அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே? சொதப்பினது நான்தானே!"

"இல்லடி. உன் சால்டரிங் எட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது. அடுத்த திங்கட்கிழமையே எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

பிறகு அவள் பேசினாள்.

என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன். அவள் பேச்சை இனி நான் குறைக்கப் போவதில்லை. தன் கை சரியில்லை என்று இத்தனை வருடம் நம்பிய ஒருத்தியின் இடத்தில் நீங்கள் இருந்தால், போனை வைப்பதற்கு முன் என்ன சொல்லியிருப்பீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன். எனக்காக இரக்கப்படாமல் எழுதுங்கள்.