ஐந்துக்கு ஐந்து நிமிடம்

பத்தொன்பது மணி நேரம் நான் காலத்தை நிறுத்தி வைத்தவன், ஒரு நாட்டுக்கு இல்லை, இரண்டு நாட்டுக்குச் சேர்த்து, அந்தப் பத்தொன்பது மணி நேரமும் பூமியில் ஒருவனுக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை… என்று நான் சொன்னதும் பக்கத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா டோக்கன் சீட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கடிகாரம் ஒன்பது பத்தில் செத்துத் தொங்காமல் இருந்தால் நான் ஏன் இதை ஆரம்பிக்கப் போகிறேன்? முப்பத்தெட்டு உள்ளே போய்விட்டது, எங்களுடையது நாற்பத்தொன்று. எனக்கு அந்தப் பக்கம் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி, அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது, ஆனாலும் மச்சினன் மச்சினன்தானே, நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பழுப்பு உறையோடு மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணி எண்ணி விடுகிறான். இந்த இடத்தில் அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வேண்டும், ‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் மாமா’ என்று… சொல்லவில்லை. மூச்சு போதவில்லை போல.

நான் விடுவேனா, மாநாட்டு மண்டபத்து எலக்ட்ரீஷியன் நான், விளக்கு, மைக், கடிகாரம் எல்லாம் என் ராஜ்ஜியம். அன்றைக்கு வணிக ஒப்பந்தப் பேச்சு, நம் இறால் அவர்கள் நாட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் சரக்கு இங்கே வர வேண்டும், எதற்கு எவ்வளவு இறக்குமதி வரி என்று மூன்று வருடம் இழுத்த பேச்சு. மாதக் கடைசி மாலை ஐந்து மணி கெடு, அதற்குள் கையெழுத்தாகவில்லை என்றால் எல்லாம் ரத்து, அவரவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேஜையைச் சுற்றி நானூறு கோட்டு, சரி, நாற்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள், எல்லார் முகத்திலும் எண்ணெய் வழிகிறது, நம் பக்கத்துப் பெரிய அதிகாரி என் காதருகே வந்து, “அந்தக் கடிகாரத்தை நிறுத்துப்பா, அஞ்சு ஆகக்கூடாது” என்றார். அவர்கள் தொழிலில் இது உண்டாம், இரண்டு பக்கமும் சம்மதித்துவிட்டால் சுவரில் மணி ஆகாதவரை கெடுவும் ஆகாதாம். ஸ்டூல் போட்டு ஏறினேன், நானூறு கழுத்தும் என்னோடு ஏறின, ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன், ஒரு மந்திரி விட்ட பெருமூச்சில் ஸ்டூலே ஆடியது. மறுநாள் நண்பகல் கையெழுத்தானபோதும் சுவரில் அதே ஐந்துக்கு ஐந்து நிமிடம், தாளில் முந்தின நாள் தேதி… அந்த அம்மா வீங்கிய காலை மறந்துவிட்டாள்.

இதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. கையெழுத்தாவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, மைக் வயரைச் சரிசெய்ய மேஜைக்கடியில் குனிந்து நிமிர்ந்தபோது கண்ணெதிரே அந்தத் தாள், பேனாவால் புதிதாகச் சேர்த்த ஒரு வாக்கியம், பருத்தி நூலுக்கு இறக்குமதி வரி இல்லை… மூன்று வருடம் விட்டுக்கொடுக்காததை அந்த இரவல் நேரத்தில் விட்டுக்கொடுத்திருந்தார்கள். மச்சினன் நூல் மில்லில் ஃபிட்டர். பேட்டரி என் பையில்தான் இருந்தது, விரலில் தட்டுப்பட்டது, ஏறிச் செருகியிருந்தால்? ஐந்தே நிமிடத்தில் ஐந்து ஆகியிருக்கும். வேலை போயிருக்கும், அதற்குப் பயந்தேனா? அதுகூட இல்லை, எல்லாரும் என் தோளைத் தட்டியிருந்தார்கள், அந்தத் தட்டல் இனித்தது, அவ்வளவுதான்… பதினான்கு மாதத்தில் மில் மூடியது, மலிவு நூல் கப்பல் கப்பலாக இறங்கியது, இவன் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான், மூச்சு முட்டி நிற்கும்வரை பதினேழு வருடம், அந்தத் தூசிதான் இப்போது பழுப்பு உறைக்குள் வெள்ளை வெள்ளையாக. மில் மூடிய பிறகாவது நான் வாயை மூடினேனா? ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன், சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவனும் விடாமல் மடக்குவான், ‘காலத்தையே நிறுத்தினவர் அக்காவுக்கு வயசாகாம நிறுத்தியிருக்கலாமே’, ‘முதல்ல உங்க வீட்டு ஃபேன் ஓடட்டும் மாமா’, வீடே சிரிக்கும், என் பெண்டாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அவன் பொய் என்று சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகும், அதைக் கேட்கத்தான் சொல்லிக்கொண்டே இருந்தேனோ… ஒரு புளுகனால் எந்த மில்லை மூட முடியும்?

“நிஜமாவா சொல்றாரு உங்க மாமா?” அந்த அம்மா என்னைத் தாண்டி அவனிடம் கேட்டாள். சொல்லுடா, பொய்யென்று சொல்லு… அவன் உறையின் ஓரத்தை நீவினான். நாற்பதைக் கூப்பிட்டார்கள். “மில்லை மூடினப்போ சங்கத்துல கேஸ் போட்டோம்மா,” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது, “கெடு முடிஞ்சு மறுநாள்தான் கையெழுத்தாச்சு, அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு. அறைக் கடிகாரத்துல அஞ்சு ஆகலைன்னு அரசாங்கத்துல எழுதிக் குடுத்தாங்க. யார் நிறுத்தினதுன்னும் அந்தத் தாள்ல இருந்துச்சு. கேஸ் தோத்துப்போச்சு, பதினெட்டு வருஷமாச்சு.” பதினெட்டு வருடம்… அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பொய் பொய் என்று… அது எனக்காகச் சொன்னதா, சோறு இறங்குவதற்காகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா?

“ஏன்டா மச்சான், ஒரு தடவைகூட…” என்றேன். “அது பொய்யா இருந்தாத்தானே மாமா நான் அக்கா வீட்டுக்கு வரமுடியும். இப்போ அக்காவே இல்ல.” நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்தான், உறையை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்காமல் அவனே எடுத்துக்கொண்டான், அந்த அம்மா மட்டும் விடவில்லை, “அப்போ நடந்ததா, நடக்கலையா?”

“நடந்ததும்மா,” என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு. “இவருதான் நிறுத்தினாரு.”