மூலை மேஜைக் கம்ப்யூட்டர்

மருத்துவமனையின் டைப்பிங் அறையில் எட்டுப் பேர். ஏழு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூலை மேஜைக்காரிக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ரெக்கார்டரில் கடகடவென்று பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பதுதான் அந்த அறையின் வேலை. மற்றவர்கள் ஓர் அறிக்கையை முடித்துக் கொட்டாவி விடுவதற்குள் எக்ஸ்பிரஸ் மூன்றாவதில் இருப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள்.

அவள் கம்ப்யூட்டரின் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும். அவளுக்கு அது எதற்கு, கரண்டுக்குக் கேடு. திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் ஹெட்போனுக்குள் பேசிக்கொண்டிருக்கும். அதுவும் என்ன வேகத்தில்! பக்கத்து மேஜைக்காரி ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கி மாட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு! இதுல உனக்கு வார்த்தை வேற புரியுதா?"

அப்படிப்பட்டவள் மூன்று வாரமாகத் தடுமாறிக்கொண்டிருந்தாள். புதிய சாஃப்ட்வேர் வந்த நேரம். ஒரு வரி அடித்தால் ஸ்கிரீன் ரீடர் திக்கித் திக்கிப் படித்தது. சில சமயம் பேச்சே நின்றுபோனது. அடித்தது விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் அவள் மறுபடி அடிக்க, ஒரு மருந்தின் பெயர் இரண்டு முறை விழுந்தது. அந்த அறிக்கையைப் பேசி அனுப்பிய டாக்டர் போனில் வள்ளென்று விழுந்தார்.

வியாழக்கிழமை மதியம் சூப்பர்வைசர் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம் மோசமானவர் இல்லை. அதுதான் கஷ்டமே. மோசமானவராக இருந்திருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

"இங்க பாரும்மா, எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல வாங்கின கம்ப்யூட்டர்தான். ரிப்பேர்காரர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன், ஸ்டோர் லிஸ்ட்டைப் பார்த்துட்டு எல்லாத்துலயும் எட்டு ஜிபி மெமரின்னுட்டார். பெட்டி மேல இருக்கற ஸ்டிக்கரையும் நானே பார்த்தேன். பதினோரு வருஷம் ஓடின கை, களைச்சுப் போறது சகஜம்தானே? ரிசப்ஷன்ல போன் எடுக்கற சீட் காலியா இருக்கு. சம்பளம் குறையாது. திங்கட்கிழமையிலேர்ந்து அங்க உட்காரு."

அவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

போன் எடுப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் இந்த மூலை மேஜை அவள் அடம்பிடித்து வாங்கியது. பார்வை இல்லாதவளுக்கு எதற்கு டைப்பிங் என்று கேட்டவர்கள் முன்னால் தேர்வில் உட்கார்ந்து, அத்தனை பேரையும் பின்னால் தள்ளி வாங்கியது. கண் இல்லாததை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கையும் போய்விட்டதோ என்று நினைத்தபோதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன், அந்த வீட்டில் சமையல் அவள், பாத்திரம் அவன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வயசாயிடுச்சாங்க?"

"நாப்பத்திமூணு. ஏன், கல்யாணத்தப்போ குறைச்சுச் சொல்லிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்றதும் அவன் குழாயை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வண்டி மேட்டுல இழுக்கலைன்னா நான் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பேனா, இல்ல கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்ப்பேனா?" என்றான் அவன்.

"அதெல்லாம் பார்த்தாச்சாம். எட்டு ஜிபின்னு ஸ்டிக்கரே இருக்காம்."

"பெரிய ஸ்டிக்கர்! நான் கூடத்தான் என் வண்டிக்குப் பின்னாடி புலின்னு ஒட்டியிருக்கேன்."

இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் விசாரித்ததில்லை. ஓடியது, ஓட்டினாள். ராத்திரி போனில் தேடிக் கேட்டு வைத்திருந்தபடி விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்த, ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் எம் எஸ் இன்ஃபோ முப்பத்திரண்டு என்று அடித்து என்டரைத் தட்டினாள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கம் வந்தது. டேப் கீயைத் தட்டிப் பட்டியலுக்குள் போய், கீழ் அம்பை ஒவ்வொரு தட்டாகத் தட்டினாள். தட்டுக்கு ஒரு வரியாக ஸ்கிரீன் ரீடர் படித்தது. எந்த விண்டோஸ், என்ன பதிப்பு, யார் தயாரிப்பு, என்ன ப்ராசஸர். தலையும் வாலும் புரியாத வரிகளும் நிறைய வந்தன. அவள் பொறுமையாகத் தட்டிக்கொண்டே போனாள்.

"இன்ஸ்டால்டு பிசிக்கல் மெமரி, ஃபோர் ஜிபி."

அவள் விரல் அப்படியே நின்றது. ஒரு வரி மேலே போய்த் திரும்ப இறங்கினாள். நாலு. பேச்சின் வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். நாலு. எழுத்தெழுத்தாகப் படிக்கவைத்தாள். அப்போதும் நாலேதான்.

ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். காதில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிக்கொண்டு திரிவதால் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். பழைய கட்டடத்திலிருந்து மாறி வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. தலை நரைத்த மனிதர், ஆனாலும் பெண்கள் எல்லாருமே அவருக்கு அக்காதான். "என்ன அக்கா, காலங்கார்த்தால" என்று உற்சாகமாகத்தான் உள்ளே வந்தார். மூலை மேஜை அருகே வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இது... உங்க சீட்டா அக்கா?"

"பதினோரு வருஷமா."

அதற்குள் மேடமும் வந்துவிட்டார். எக்ஸ்பிரஸ் ஹெட்போனைக் கழற்றினாள். "ஸ்டிக்கரைப் படிக்க எனக்கு வழியில்ல மேடம். கம்ப்யூட்டர் வாயால சொல்றதைத்தான் கேட்க முடியும். நீங்களும் கேளுங்க" என்று சாதாரண ஆட்கள் பேசும் வேகத்தில் அந்த வரியை ஓடவிட்டாள். ஃபோர் ஜிபி என்று அறைக்கே கேட்டது.

திருப்புளி பெட்டியைத் திறந்தார். மெமரி சொருகும் இடம் இரண்டு, ஒன்று காலி. சுற்றிலும் தூசி, அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. "யார் எடுத்தது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்."

மழுப்பியிருக்கலாம், அவர் மழுப்பவில்லை. "உங்க கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, உடனே பாருங்கன்னீங்க. ஸ்டோர்ல மெமரி இல்ல. இந்த ரூம்ல ஒண்ணு சும்மா கிடக்கேன்னு இதுலேர்ந்து உருவி உங்களுதுல போட்டேன். மூணு வாரம் முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை."

"நான் பல்வலின்னு லீவு போட்ட அன்னிக்கு" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"தெரியாது அக்கா. ஸ்க்ரீன் பூரா தூசி. விரலால கோலம் போடலாம், அவ்ளோ தூசி. வருஷக்கணக்கா யாரும் உட்காராத சீட்டுன்னு நினைச்சுட்டேன். அதான் மேடம் போன்ல கேட்டப்பவும் இது ஞாபகம் வரல."

மேடத்தின் அறைக்குப் போனார்கள். எக்ஸ்பிரஸ் கீபோர்டைத் தடவி மூன்று கீயைச் சேர்த்து அழுத்த, மேடத்தின் கம்ப்யூட்டர் பேசத் தொடங்கியது. மேடம் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார். "இதுக்கு வாய் வேற இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு மேடம்."

மறுபடி அதே பட்டியல், அதே கீழ் அம்பு. ட்வெல்வ் ஜிபி. எட்டும் நாலும் பன்னிரண்டு. மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாருடைய மெமரியை வைத்துக்கொண்டு யாருக்குக் கை களைத்துவிட்டது என்று சொன்னோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. "என்னுது ஜிவ்வுன்னு ஓடுதேன்னு நானே சந்தோஷப்பட்டேன். மன்னிச்சுக்கோம்மா. ரிசப்ஷன் பேச்சை விட்டுடு" என்றார்.

திருப்புளி மெமரியைத் திரும்பச் சொருகினார். எக்ஸ்பிரஸ் விடவில்லை, பட்டியலைத் திறந்து எட்டு என்று கேட்ட பிறகுதான் ஹெட்போனை மாட்டினாள். வண்டு மறுபடி பழைய வேகத்தில் இரைந்தது. அவள் விரல்கள் அதோடு சேர்ந்து ஓடின. கை போகவில்லை. எங்கேயும் போகவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் அந்தத் தூசி அவளை விடவில்லை. இத்தனை வருஷம் தினமும் எட்டு மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தர் சொல்லவில்லை, ஒருத்தர் துடைக்கவில்லை. பார்க்கிற கண்ணுக்கு அவள் இடம் காலி இடமாகவே இருந்திருக்கிறது. அது மெமரி போனதைவிட வலித்தது.

திருப்புளி கர்சீப்பை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தார். "இனிமே ஸ்க்ரீனைப் போட்டே வைங்க அக்கா."

"நோயாளிங்க விஷயம் அண்ணே, போறவங்க வர்றவங்க படிக்கறதுக்கா? கொஞ்சம் இருங்க."

அவள் மூன்றே சொல் அடித்தாள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி பிரிண்டருக்கு அனுப்பினாள். திருப்புளி போய்த் தாளை எடுத்துவந்து, அவள் சொன்னபடி அணைந்த திரையின் நடுவில் வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டினார்.

"சரியா வந்திருக்கா? படிங்க அண்ணே."

அவர் சத்தமாகப் படித்தார். "இங்கே ஆள் இருக்கிறது."

"வாசல்லேர்ந்து தெரியுமா?"

வாசலில் நின்றது மேடம்தான். "தெரியுதும்மா" என்றார்.

"அப்ப சரி" என்று எக்ஸ்பிரஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்பது டாக்டர்களின் குரல் வரிசையில் காத்திருந்தது.