வீராயிக்கு ஒத்துவராத கத்திகள்

மாவனல்லைக் கடைவீதியில் இரும்புச் சாமான் விற்பவன் நான். பெயர் நுஹ்மான். விற்ற பொருளைத் திருப்பி எடுக்கும் பழக்கம் எனக்கில்லை, அதுவும் கத்தி என்றால் பேச்சே கிடையாது. கேகாலைக்கும் கண்டிக்கும் நடுவில் என் கடைக் கத்திக்கு மிஞ்சின கத்தி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன். அப்படிப்பட்ட என்னை ஒரே மாதத்தில் ஒருவழி பண்ணிவிட்டார் ஏழுமலை.

ஏழுமலை, புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தோட்டத்துத் துரை வெளியூர் வேலைக்கெல்லாம் அவரைத்தான் அனுப்புவார். இந்தத் தடவை இரத்தினபுரியில் புதுக்காடு வெட்டுவதை மூன்று மாதம் இருந்து பார்க்கும்படி சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்திலுள்ள அரநாயக்கவில் கள்ளன் நடமாடுகிறானாம், தனியாக இருக்க மாட்டேன் என்று அவர் மனைவி வீராயி ஒரே பிடிவாதம். அந்தக் கள்ளன் அதுவரை கொண்டுபோனது ஒரு சேவலும் அரைப் பானைச் சோறும்தான். துரை சிரித்துவிட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி நல்ல கத்தியாக ஒன்று வாங்கிக் கொடு, வாங்கிய மறுநாளே கிளம்பு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

முதல் ஞாயிறு, காடு வெட்டும் பெரிய மன்னாக் கத்தி ஒன்றைக் கொடுத்தேன். பார்த்தாலே கள்ளன் கும்பிட்டுவிட்டு ஓடுவான். அடுத்த ஞாயிறே திரும்பி வந்தது. தூக்க முடியவில்லையாம். தலையில் ஒரு கட்டு விறகோடு மலை ஏறுகிறவளுக்குக் கத்தி கனக்கிறதா என்று கேட்டேன். ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

சீமையிலிருந்து வந்த மடக்குக் கத்தியைக் கொடுத்தேன். அதுவும் வந்தது. அதைத் திறப்பதற்குள் நகம் பிய்ந்துவிடுகிறது, நான் திறந்து தரட்டுமா என்று கள்ளனே பாவப்பட்டுக் கேட்பான் என்றாளாம். தோட்டத்துக்கு மண்வெட்டியெல்லாம் என்னிடம்தான் வாங்குகிறார்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதாக, ஆடு அறுக்க என்று நான் சொல்லிச் செய்வித்து வைத்திருந்த கத்தியை, மனசே இல்லாமல், உறையோடு கொடுத்தேன். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் குற்றமாம். இவ்வளவு நல்ல கத்தி வீட்டில் இருந்தால் லயத்து வரிசை வீடெல்லாம் இரவல் கேட்கும், கள்ளன் வருகிற அன்று கத்தி யார் வீட்டில் இருக்குமோ என்றாளாம்.

எனக்குத் தலை சூடேறிவிட்டது. அடுத்த ஞாயிறு அவளையே கூட்டிவரச் சொன்னேன். வந்தாள். கடையில் இருந்த அத்தனை கத்தியையும் பாயில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தாள், நகத்தில் வைத்துக் கூர் பார்த்தாள். என் மனைவி றுகையா வாங்கி வைத்திருந்த பலாக்காயைக் கேட்டு வாங்கி, பேச்சுக் கொடுத்தபடியே நொடியில் நறுக்கித் தள்ளினாள். கத்தி பிடிக்கத் தெரியாத கை இல்லை அது. அத்தனையும் முடிந்த பிறகு, ஒன்றும் சரியில்லை என்று தலையாட்டினாள்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லுங்க," என்றேன். "ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

வீராயி புருஷனைப் பார்க்காமல் பாயைப் பார்த்துச் சொன்னாள்.

"கள்ளனுக்கு எனக்கென்னங்க பயம், முதலாளி. கத்தி சரியா அமைஞ்சிருச்சுன்னா இவங்க போயிருவாங்க. கல்யாணம் முடிஞ்ச மூணு வருசத்துல, கத்தி மாத்துற இந்த ஒரு மாசந்தான் சேர்ந்தாப்புல வீட்டுல இருக்காங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாயில் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் இருநூறு பேரை அதட்டி வேலைக்கு அனுப்பும் ஏழுமலை, ஆட்டுக் கத்தியை உறையிலிருந்து உருவுவதும் போடுவதுமாக நின்றார். பிறகு அதை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

"முதலாளி, நல்ல கத்தி கெடைக்கலைன்னு தொரைக்கு நீங்களே ஒரு துண்டு எழுதித் தருவீங்களா?"

என் கடையைப் பற்றி நானே அப்படி எழுதுவதா? எழுதினேன். 'என் கடையில் வீட்டுக்கு வைத்துக்கொள்ளத் தகுந்த கத்தி ஒன்றுகூட இல்லை' என்று எழுதி, கடை முத்திரையையும் குத்தப் போனேன்.

"நல்ல கத்தி அடுத்த மாசமும் வராதுன்னு சேர்த்து எழுதுங்க, முதலாளி," என்றாள் வீராயி.

அதையும் எழுதினேன்.