நாற்பத்து மூன்று முறை விழுந்தவள்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒத்திகைக் கூடத்தில் இருந்தவர்கள்: கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில் எங்கள் நடன இயக்குநர் ஸ்தாதிஸ், அவருக்கு வலப்புறம் நிர்வாகத் தலைவி திருமதி எவாந்தியா, பின்னால் விழாக் குழுவினர் இருவர், மேல்கோட்டைக் கழற்றாமலே, பியானோவில் த்ராசோஸ், கதவருகே ஸ்டூலில், நோட்டுப் புத்தகத்தோடு, ஒத்திகை ஆசிரியையான நான். தரை நடுவே மிர்சினி. அவள் மட்டும் நின்றாள்.

வரும் கோடை விழாவுக்கு ஏதென்ஸில் நாங்கள் மேடையேற்றும் பாலே, இஃபிகேனியாவின் கதை. கப்பல்கள் நகரக் காற்று வேண்டுமென்று தகப்பனே மகளைப் பலி கொடுக்கும் கதை. பலிபீடத்தில் மகள் முழங்காலை மடக்கி மல்லாந்து சரிய வேண்டும். முழு எடையும் ஒரே முழங்காலில் இறங்கும். அந்த விழுகையைத் தன் உடம்பிலிருந்து கண்டுபிடித்தவள் மிர்சினி. ஸ்தாதிஸ் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

செவ்வாயன்று அவளை நாற்பத்து மூன்று முறை விழ வைத்தார். மெத்தை விரிப்பு இன்னும் வரவில்லையே என்றேன். வெறுந்தரையில்தான் உண்மை இருக்கிறதாம். புதன் காலை அவள் முழங்கால் உப்பிய ரொட்டி மாவு போல இருந்தது. அவரே தொட்டுப் பார்த்து, இன்று விழாதே, அந்த இடம் வந்தால் கையால் மட்டும் காட்டு என்றார். ஆடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. உடம்பைச் சேமிக்க வேண்டிய நாளில் ஒரு தாவலை இரண்டு விரலால் காட்டிவிட்டுப் போவார்கள்.

திருமதி எவாந்தியா வங்கியிலிருந்து வந்தவர். ஆடியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆட்களோடு வந்து உட்கார்ந்தவர், மிர்சினி கையைச் சரித்துக் காட்டியதும் பியானோவை நிறுத்தச் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்கு விழவே பயமா இருக்கே. இவளை நம்பியா டிக்கெட் விக்கிறோம்?"

நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன் என்று ஸ்தாதிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வெறுந்தரை விஷயம் வெளியே வரும். அவர் தன் ஷூ நாடாவைப் பார்த்தபடி, "ரெண்டாவது பொண்ணு ஒருத்தி தயாரா இருக்கா, மேடம்" என்றார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலை போய்விடுமே என்று பயந்தேன். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு மணிக்குள் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் மாறி, மிர்சினியின் பெயர் போய்விட்டது. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு அவள் அதன் முன்னால் நின்றாள்.

"கதையில அப்பன்காரனுக்காவது காத்து வேணும்னு ஒரு காரணம் இருந்துச்சு, டீச்சர். இவருக்கு என்ன வேணுமாம்?"

நிர்வாகக் குழுவுக்கு எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதுங்க. ஆனா பாவம் அந்தப் பொண்ணுன்னு எழுதாதீங்க. எத்தனை தடவை விழுந்தேன்னு எழுதுங்க."

மாடிப்படியில் ஸ்தாதிஸ் வழிமறித்தார். முதல் நாள் மேடையேற்றம் முடியட்டும், நானே பேசுகிறேன் என்றார்.

"அதுக்கப்புறம் பேசினா அது இரங்கல் கூட்டம். தள்ளுங்க."

வீட்டுக்குப் போய் எழுதினேன். தேதி, தரை, எண்ணிக்கை, அவர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது. விழுந்த கணக்கை நான் குறித்து வைத்திருந்த நோட்டின் இரண்டு பக்கங்களையும் பிரதி எடுத்து இணைத்தேன். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் மிர்சினியின் பெயர் பட்டியலுக்குத் திரும்பாவிட்டால் என் பெயரையும் அடித்துவிடலாம் என்று முடித்துக் கையெழுத்திட்டேன். குழுவில் ஏழு பேர், ஏழு கடிதங்கள்.

மறுநாள் காலை அஞ்சலகம் திறந்ததும் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் கொடுத்தேன். கடைசி உறையின் பசை மட்டும் பிடிக்கவில்லை. முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தி ஒட்டி, ஜன்னலுக்குள் தள்ளினேன்.