ஸ்க்ரூ கழலாத வரைக்கும்

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன் நான். துருப்பிடித்த ஸ்க்ரூ, தலை மழுங்கிய ஸ்க்ரூ எல்லாம் எனக்குத் தினசரிச் சங்கதி. அதனால்தான் அக்கா அந்தப் பொம்மையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய விளையாட்டுக் கருவி. சாம்பல் நிறத் திரை, இரண்டு பொத்தான்கள். பேட்டரி போட்டால் கயிற்றின் மேல் ஒரு மனிதன் தள்ளாடி நடப்பான். அவனை விழாமல் காப்பாற்ற வேண்டும். அக்காவின் ஒரே மகன் சின்ன வயதில் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். அவன் கல்யாணத்தின்போது அத்தான் பேசக் கூடாததைப் பேசிவிட, வாசல் தாண்டிப் போனவன்தான். இவர்கள் போன் செய்தால் எடுக்க மாட்டான். பேத்தியின் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே கூப்பிட்டான்.

"அம்மா, அந்தக் கயித்துமேல நடக்கிற கேம் இருக்கா? பாப்பாவுக்குக் காட்டணும். சரி பண்ணி கூரியர்ல அனுப்பு."

அக்கா பீரோவைப் புரட்டி அதை எடுத்தாள். பேட்டரி மூடியின் ஸ்க்ரூ இறுகிக் கிடந்தது. அத்தான் கைக்குக் கிடைத்த திருப்புளியால் திருகி, அதன் பிளஸ் பள்ளத்தை மழுக்கிவிட்டார். கோபம் ஆறினாலும் அவசரம் ஆறாத மனிதர்.

"கொடு, கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம்டா. உன் கடைக்குப் போன ஊசிகூடத் திரும்பி வந்ததில்ல. இங்கயே உக்காந்து பண்ணு."

ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருந்தது. ஒரு துளி எண்ணெய் விட்டேன். ரப்பர் பேண்டில் ஒரு துண்டு வெட்டிப் பள்ளத்தின் மேல் வைத்து, சரியான அளவுத் திருப்புளியை நட்டேன். இந்த வேலையில் திருகுவதைவிட அழுத்துவதுதான் முக்கியம். மயிரிழை அசைந்தது. எண்ணெய் இறங்கட்டும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடை வேலையில் மூன்று வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. பார்த்தால் பள்ளம் கிண்ணம் போல் வழவழவென்று இருந்தது. எண்ணெயில் புதிய இரும்புத் தூள் மினுங்கியது.

"அத்தான், மறுபடியும் கை வெச்சீங்களா?"

"நானா? அதத் தொட்டா உங்கக்கா என் கையை ஒடிச்சுடுவா. பீரோ சாவி அவ இடுப்புலல்ல தொங்குது!"

அக்கா சமையலறையில், சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீயா?"

அவள் திரும்பவில்லை. "கழண்டுட்டா அனுப்பிடுவோம். வந்து சேந்துச்சும்மானு ஒரு போன் வரும். அப்புறம்?"

நான் திருப்புளியைப் பைக்குள் வைத்தேன்.

"இப்ப வாராவாரம் கேக்குறான்டா. கழண்டுச்சானு கேட்டுட்டு ரெண்டு வார்த்தை கூடப் பேசுறான். பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சாம். போன வாரம் சொன்னான்."

அன்று மாலை போன் வந்ததும் அக்கா ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் திணித்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

"என்ன மாமா, ஒரு ஸ்க்ரூகூடவா கழட்ட முடியல? மெஷினையே பிரிச்சு மேயுற ஆளாச்சே நீங்க!"

"ரொம்ப மழுங்கிப் போச்சுப்பா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. அக்கா போனை நோக்கிக் குனிந்தாள்.

"விடுங்க மாமா. நீங்களும் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவீங்க. பாப்பாவே மறந்துட்டா. இனிமே சிரமப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அக்கா போனைப் பிடுங்கினாள். "டேய், கழண்டுடுச்சுடா! மாமா சும்மா விளையாடுறான், இப்பத்தான்..."

இணைப்பு ஏற்கனவே துண்டிக்கப்பட்டிருந்தது.

"திறடா" என்றாள். "இப்பவே திற."

இனி ஒரே வழிதான். பையிலிருந்து கைத்துளைப்பானை எடுத்து, ஸ்க்ரூவின் தலையையே குடைந்தேன். பிளாஸ்டிக் லேசாக விரிசல் விட்டது. தலை கழன்று விழ, மூடி வந்துவிட்டது. உப்புப் பூத்த தகடுகளைச் சுரண்டினேன். முதல் வாரமே வாங்கி வைத்த பேட்டரிகளை அக்கா உறை பிரித்துக் கொடுத்தாள்.

கயிற்றின் மேல் மனிதன் எழுந்து நின்றான். கீச்சென்று சத்தம் வந்தது.

"என்ன சத்தம்?" என்றார் அத்தான் உள்ளிருந்து.

அக்கா மகனின் எண்ணை அழுத்தினாள். அவன் எடுத்தால் காதில் விழட்டும் என்று பொம்மையைப் போனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மனிதன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். அந்தப் பக்கம் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

"குளிக்கப் போயிருப்பான்" என்று சொல்லி, மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.