காற்றை மறித்த அட்டை

கார்னி தன் விமானத்தில் பொருத்தியிருந்தது ஒரு காரின் எஞ்சின். பின்பக்கம் நசுங்கிப்போன காரை மலிவாக வாங்கி, எஞ்சினையும் அதன் கம்ப்யூட்டரையும் மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டான். விமானத்தைக் கட்டி முடிக்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் அவன் மனைவி கிரெட்டா, அதில் நான் ஏறமாட்டேன் என்றே சொல்லிவந்தாள். அவன் தனியாகப் பல தடவையாக மொத்தம் நாற்பது மணி நேரம் பறந்து பத்திரமாகத் திரும்பிய பிறகுதான், போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், சனிக்கிழமை ஒரு சுற்று வருகிறேன் என்று தானாகவே சொன்னாள். ஊருக்கு மேற்கே பெம்பினா பள்ளத்தாக்கில் இலைகள் மஞ்சளாகியிருந்தன. அதை மேலே இருந்து பார்க்க அவளுக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை எங்கள் சிறிய விமான மைதானத்தில் நானும் கார்னியும் எஞ்சினின் தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். விமானத்துக்கென்றே செய்யும் எஞ்சின்கள் பெரும்பாலும் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். கார் எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேண்டும், குழாய் வேண்டும், குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம் வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் மேலே போன பிறகுதான் தெரியும். சனிக்கிழமை காலைக்கு ஒரே வேலை மிச்சம் இருந்தது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றி, தண்ணீரை நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதை என்னிடம் விட்டுவிட்டுக் கார்னி கிரெட்டாவை அழைத்துவரப் போனான்.

அன்று விடியற்காலையில் உறைபனி. எஞ்சின் சூடேற மறுத்தது. எங்கள் பக்கம் குளிர் வந்துவிட்டால் லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டையைச் செருகிவிடுவோம். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்யும். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயின் பாதியை அடைத்து ஓர் அட்டையைச் செருகினேன். தரையில் மல்லாந்து படுத்தால்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் சூடானது. எங்கும் ஒழுகவில்லை. மூடியை இறுக்கி, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது அவர்கள் வந்துவிட்டார்கள். கிரெட்டாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம் என்று கிளப் அறைக்கு ஓடினேன். அவள் அரைக் கோப்பை குடித்தாள், நன்றி சொன்னாள். இருவரும் ஏறிப் போனார்கள்.

நான் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏகன் வீபே ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான். எங்கள் மைதானத்தில் எப்போதும் இருப்பவன் அவன். விமானத்தை விற்று நான்கு வருடமாகியும் நாற்காலியை மட்டும் விடவில்லை.

"அவளுக்கு மட்டும் டீயா? நானும் கை நடுங்கிக் காட்டட்டுமா?" என்றான். பிறகு விதைப் பையை எடுக்கக் குனிந்தவன், "என் அட்டப்பெட்டிய யாருடா கிழிச்சது? ஒரு பக்கத்தையே காணோம்" என்றான்.

கோப்பை என் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. பெட்டியைக் கிழித்தது நான். கிழித்த பக்கம் இப்போது வானத்தில் இருந்தது.

தரையில் மெதுவாக ஓடும்போது பாதி ரேடியேட்டர் போதும். முழு வேகத்தில் மேலே ஏறும்போது போதாது. அந்தக் கம்ப்யூட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் நூறைத் தாண்டியும் கொதிக்காத அந்தத் தண்ணீர் நூற்றுப் பதினெட்டு டிகிரியைத் தொட்டால், எஞ்சின் கெட்டுப்போகாமலிருக்க அதுவே சக்தியைக் கால்பங்காகக் குறைத்துவிடும். சாலையில் அது நல்ல ஏற்பாடு. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை அறுவடை முடிந்த வயல், எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் கார்னி மேற்கே திரும்பியிருந்தான். பள்ளத்தாக்கு முழுக்க மரம்.

அலமாரியில் இருந்த, விமானத்தோடு பேசும் ரேடியோவை எடுத்தேன்.

"கார்னி, ஐசக் பேசறேன். தண்ணி சூடு எவ்வளவு காட்டுது?"

"நூத்திப் பதினொண்ணு," என்றான் சிரித்துக்கொண்டே. "இந்த முள்ளு மறுபடியும் பொய் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. வந்ததும் அந்தக் கம்பிய ஒழுங்கா மாத்திக் குடு."

கோடையில் இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது. ஒரு கம்பி தளர்ந்து, சூட்டுமானியின் முள், இல்லாத சூட்டைக் காட்டியது. முதல் தடவை அவன் பதறி இறங்க, நாங்கள் எல்லோரும் அவனை ஒரு மாதம் கேலி செய்தோம். இனி அந்த முள்ளை அவன் நம்பப்போவதில்லை.

ஏகனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரேடியோவின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"புகை தெரியுதுன்னு சொல்லு. உடனே எறங்கிடுவான். அட்டை விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். இதே அலைவரிசைல நாலு மைதானத்துக்காரன் கேட்டுட்டிருக்கான்."

அவன் என் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் இதே அறையில் எழுந்து நின்று, விமானத்தில் எதைச் செருகினாலும் எடுக்க மறக்காமலிருக்கச் சிவப்பு நாடா கட்டுங்கள் என்று பேசுகிறவன் நான். ஆனால் புகை என்று கேட்டால் கார்னி முதலில் செய்யப்போவது எஞ்சினை நிறுத்துவது. அவனுக்குக் கீழே மரங்கள். ஏகனின் கையை விலக்கினேன்.

"கார்னி, முள்ளு பொய் சொல்லல. காலைல ரேடியேட்டர் வாயில அட்டை செருகினேன், எடுக்க மறந்துட்டேன். பாதி வாய் அடைச்சிருக்கு. தப்பு என்னுது. எஞ்சின நிறுத்திடாத."

ரேடியோவில் எஞ்சின் சத்தம் மட்டும் ஒரு தடவை வந்து போனது.

"என்ன செய்யணும், சொல்லு," என்றான். சிரிப்பு போயிருந்தது.

சக்தியைக் குறைக்கச் சொன்னேன். மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்கச் சொன்னேன், மிச்சமிருக்கும் பாதி வாய்க்காவது காற்று நன்றாகப் போகட்டும் என்று. கிழக்கே திரும்பச் சொன்னேன். பிறகுதான் ஹீட்டர் ஞாபகம் வந்தது. கிரெட்டாவுக்குக் கால் குளிரும் என்று அதே காரின் ஹீட்டரைப் போன மாதம் அவன் உள்ளே பொருத்தியிருந்தான். எஞ்சினின் வெந்நீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது, திறந்தால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியே போய்விடும். மலை ஏறும்போது பழைய லாரிக்காரர்கள் செய்வதுதான்.

"ஹீட்டர முழுசா தொற."

"அது கிரெட்டா காலுகிட்ட இருக்கு."

"தெரியும். தொற."

அதன்பிறகு அவன் எண்களை மட்டும் சொன்னான். நூற்றுப் பதினான்கு. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு. கிரெட்டா ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றான். மீண்டும் நூற்றுப் பதினாறு. இன்னொரு முறை அதே எண். ஏகன் விதை கொறிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். வயலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கடைசி மரவரிசை தெரிகிறது என்றான். பிறகு,

"பதினெட்டு. சக்தி போயிடுச்சு."

அதோடு ரேடியோ அடங்கிவிட்டது. நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். தாழ்ந்துவிட்டால் எங்கள் ரேடியோவுக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏகன் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கி வைத்துவிட்டுத் தன் பிக்கப் வண்டியை எடுத்தான். மண் சாலையில் இருபது நிமிடம். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். வாக்கியமாக எதுவும் வரவில்லை. அவர்கள் இருவர் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கர்த்தருக்கு அது போதுமென்று நினைக்கிறேன். ஏகன் குண்டும் குழியும் பாராமல் வண்டியை விரட்டினான்.

மரவரிசை முடிந்து ஒரு கல்லெறி தூரம் தாண்டி, கடுகு அறுத்த வயலில் விமானம் நின்றிருந்தது. மூக்கிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சக்கரத்தடம் நேராக இருந்தது. இறக்கையின் மேல் கிரெட்டா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. நான் வண்டியிலிருந்து இறங்கினேன். நேராக அவளிடம் ஓடினேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"வாங்க ஐசக். கல்யாணமாகி முப்பது வருஷத்துல என் காலு இவ்வளவு சூடா இருந்ததே இல்ல."

அவள் குரலில் இன்னும் நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கத்தோடும் எனக்காக ஒரு வேடிக்கை வார்த்தையைத் தேடி எடுத்திருக்கிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

கார்னி எஞ்சினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஏறுறதுக்கு முன்னாடி நான் படுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் வேலை," என்றான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா உன் மேல கோவம் இருக்கு, ஐசக். கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

இருக்கட்டும் என்றேன்.

"சிலிண்டர் ஹெட் வளைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். திங்கக்கெழம கழட்டணும். ஏழு மணிக்கு வந்துடு."

ஏகன் தன் கோட்டைக் கழற்றிக் கிரெட்டாவின் தோளில் போட்டான். அவளுடைய ஷூவை விமானத்திலிருந்து எடுத்து வந்து, தூசியைத் தட்டிவிட்டுக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஆறரைக்கே போய்விட்டேன். கார்னி ஏற்கனவே வந்திருந்தான். எஞ்சினின் மேல்மூடியான அந்த ஹெட் சூட்டில் வளைந்துதான் இருந்தது. பட்டறைக்கு அனுப்பிச் சமன்செய்து வாங்க ஒன்பது நாள் ஆனது. மறுபடி பூட்டும்போது, நான் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் கார்னி ஸ்பேனரை வைத்து இன்னொரு முறை பார்த்தான். எனக்கு வருத்தமாக இல்லை. பாதி வேலை ஆனதும் ஸ்பேனரை என்னிடம் நீட்டி, அவன் இறுக்கியவற்றை என்னைப் பார்க்கச் சொன்னான்.