சரளை மேட்டில் இருபத்துமூன்று ரப்பர் மரங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்திலிருந்து வந்தது. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. கடலை தீர்ந்ததும் காகிதத்தைப் பிரித்தால் ஏதோ விவசாயப் பத்திரிகையின் கிழிசல்: "சவானா எனப்படும் புல்வெளி மண்ணில் ரப்பர் வளர்த்தல். ஆறேழு மாதம் மழை காணாத இம்மண்ணில் ரப்பர் பயிரிடுவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது" – அதோடு கிழிந்திருந்தது.

என்னத்தைக் கவனிக்கணும்? கடலைக்காரரைக் கேட்டேன். "உப்பு சரியா இருக்குதா, அதைச் சொல்லுபா" என்றார்.

சரிதான், கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டவர்களை வைத்து எழுதிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "1973, ஆனி மாதம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் ஏரி கண்ணாடிபோல" – வேண்டாம். ஆனியில் அந்த ஏரியில் எருமை படுக்கத்தான் தண்ணீர் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "துரைக்கண்ணு ஒரு கனவுக்காரர்." அடச்சே! இதைப் படித்தால் கிருஷ்ணவேணி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவாள். அவள் அவருடைய மனைவி. அவர் கனவு கண்டதெல்லாம் அவளுடைய நிலத்தில்.

ஆகவே அவளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

கிருஷ்ணவேணிக்குத் தாய்வீட்டில் கொடுத்தது தாமலில் அரை ஏக்கர் மேட்டு நிலம். சரளை மண். மழை பெய்தால் இடுப்பளவு புல் நிற்கும்; மாசி வந்தால் அத்தனையும் காய்ந்து சருகாகிவிடும். அதில் வேர்க்கடலை, அவள் பேச்சில் கல்லக்கா, போடணும் என்பது அவள் ஆசை.

1964-இல் சைக்கிள் கடை கலீல் பாய் தெற்கே ரப்பர் தோட்டங்கள் நிறைந்த குலசேகரம் பக்கம் போய் வந்தார். ஈர மரத்தூளில் பொதிந்து ரப்பர் விதை கொண்டுவந்து துரைக்கண்ணு கையில் கொடுத்தார். "வெச்சுதான் பாரேன் துரை" என்றார். போச்சு, மனிதருக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. கோடைதோறும் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அறுபதில் இருபத்துமூன்று பிழைத்தன. வருஷாவருஷம் இலை கொட்டும்போது ஊரே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகும்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒருத்தி ஒன்பது வருஷம் தன் நிலத்தை விட்டுக்கொடுப்பாளா? நாலு முறை அடித்து எழுதினேன். அந்தக் குடங்களில் பாதியை அவளே சுமந்தாள் என்று ஒரு வரி சேர்த்தேன். சந்தேகம் தீர்ந்தது. அந்த மரங்கள்மேல் அவளுக்கும் கொள்ளை ஆசை, வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டாள்.)

4

ஒருவழியாக மரங்கள் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பருமனுக்கு வந்தன. "விடியறதுக்கு முன்னாடி கீறணும், அங்கெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லித்தான் கலீல் பாய் கத்தியைக் கொடுத்தார்.

கிருஷ்ணவேணி ஒப்புக்கொள்ளவில்லை. "அது அவங்க ஊரு வழக்கம். ஒம்பது வருசம் வளத்துட்டு, நேரங்காலம் பாக்காம கத்தி வைப்பாங்களா? வெள்ளிக்கிழமை ஒம்பதே காலுக்குத்தான் நல்ல நேரம். காலண்டர்ல போட்டிருக்குது பாரு."

ஒன்பதே காலுக்கு ஊர் கூடிவிட்டது. மரத்துக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. துரைக்கண்ணு கீறினார். பட்டையில் நாலு வெள்ளைப் பொட்டு அரும்பி, அங்கேயே காய்ந்துபோனது. கொட்டாங்குச்சியை ஏந்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.

"இன்னா துரை, காபிக்கு டிகாஷன் போடச் சொல்லட்டா?" என்றான் பக்கத்து நிலத்து முனிசாமி. ஊரே சிரித்தது.

கிருஷ்ணவேணிக்கு மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாயில் வந்ததோ கோபம். "ஆடி பொறக்கட்டும். அதுக்குள்ள பால் வரலன்னா எல்லாத்தையும் வெட்டிட்டுக் கல்லக்கா போட்டுடலாம்!"

"சரி வேணி. ஆடி வரைக்கும் தினம் கீறிப் பாக்கறேன்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

5

அந்தத் 'தினம்'தான் அவளைக் குடைந்தது. இந்த மனுசன் தினம் தினம் கொட்டாங்குச்சியோடு நிற்பார், ஊர் தினம் தினம் வந்து சிரிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டால் மிச்சத்தையும் வெட்டச் சம்மதிப்பார், பேச்சு முடிந்துவிடும்.

மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

(நான் தடுத்துப் பார்த்தேன். வாசலில் ஒரு பூனையைக் குறுக்கே விட்டேன். அவள் அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். நேரம், சகுனம் எல்லாம் நேற்றோடு அவளுக்கு வெறுத்துவிட்டது.)

காற்று குளுகுளுவென்றிருந்தது. முதல் மரம், நேற்றுக் கீறியது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டாள்.

கண்ணைத் திறந்தால், பால்! வெட்டு வாயிலிருந்து வழிந்து, குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. முந்தானையை ஏந்தினாள். குளிர்ந்த வேளையில்தான் இது சுரக்குமா? அப்படியானால் நேற்று காரியத்தைக் கெடுத்தது அவள் பார்த்த நல்ல நேரமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"இந்தாய்யா! ஓடியா! ஊத்துதுய்யா, பால் ஊத்துது!"

கத்திய பிறகுதான் கையைப் பார்த்தாள். கோடாலி.

6

முடிவு ஒன்று: கோடாலியைப் புல்லில் எறிந்துவிட்டு, "கத்தியாலதான் கீறினேன்" என்கிறாள். நடக்கிற காரியமா? வெட்டு நாலு விரல் ஆழம்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அவர்... இங்கே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். "பரவால்ல வேணி" என்று எழுதினால் மனிதர் சாமியாராகிவிடுகிறார். "அடிப்பாவி" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

முடிவு மூன்று: அவள் கத்தியது அவர் காதிலேயே விழ –

விழுந்துவிட்டது. அதோ, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவருகிறார். "நிஜமாவா வேணி? நிஜமாவா?" என்று கத்திக்கொண்டே வருகிறார். அவள் ஒரு கையில் பால் முந்தானை, மறு கையில் கோடாலி. எந்தக் கையை முன்னால் நீட்டட்டும் என்று என்னைப் பார்க்கிறாள். எனக்கென்ன தெரியும், நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், வந்துவிட்டார்.